குழாயில் வந்த கூட்டம்

ஞானசிகாமணியின் பேச்சு ஆனைக்கல்பட்டியில் குழாய்த் தண்ணீரோடு வரத் தொடங்கியது ஆடி மாதக் கடைசியில். முதலில் அதைக் கேட்டது பேரூராட்சித் தலைவர் தங்கப்பெருமாளின் வீட்டுக் குளியலறைதான், ஏனென்றால் மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் பெரிய குழாய் முதலில் போய்ச் சேரும் வீடு அது. தலைவர் வாளியை வைத்துக் குழாயைத் திறந்தார். தண்ணீர் விழும் சத்தம் வர வேண்டிய இடத்தில் யாரோ இருமினார்கள். இருமி முடித்து, டீயை ஒரு வாய் உறிஞ்சி, "வணக்கம். இன்னைக்கு ஆனி மாசம் இருபத்தொண்ணு, ஞாயித்துக்கிழமை. ஆனைக்கல்பட்டி சைக்கிள் கடை மாடி. மேல ஃபேன் ஓடல, எல்லாரும் பொறுத்துக்கணும்" என்றது தண்ணீர். தலைவர் குழாயை மூடினார். மறுபடி திறந்தார். "நாம இன்னைக்குப் பேசப்போறது வார்த்தையப் பத்தி" என்றது. அவர் அன்றைக்குக் குளிக்காமலே ஆபீசுக்குப் போனார்.

ஞானசிகாமணி முன்னொரு காலத்தில் பத்திரிகையில் செய்தி திருத்துபவராக இருந்தார். ஓர் ஊரில் ஒரு தெருக்காரர்கள் இன்னொரு தெருவுக்குள் புகுந்து வீடு வீடாகக் கொளுத்தியதை "இரு தரப்பினர் மோதல்" என்று தலைப்பிட்டு வைத்திருந்தார்கள்; அவர் அதை அடித்துவிட்டு "எரித்தார்கள்" என்று எழுதினார். மறுநாள் அவருக்கு அங்கே நாற்காலி இல்லை. அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போய்ப் பேசுவதே அவருக்கு வேலையாகிவிட்டது. பேரணி, மேடை, மாலை எதுவும் கிடையாது. எங்காவது ஒரு மாடி, முப்பது நாற்பது பேர், கையில் டீ. பேச்சைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றியவள் தமயந்தி. அவள் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தாள். கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றையும் எடுத்த அதே கேமராவால்தான் இதையும் எடுத்தாள்.

ஆனி மாதக் கூட்டத்தின் கடைசியில் கேள்வி கேட்கும் நேரத்தில் முத்தரசு எழுந்து நின்று கேட்டான். அவன் தங்கப்பெருமாளின் கல்குவாரியில் துளை போடுகிறவன், காலனிக்காரன். கேட்ட எட்டாம் நாள் குவாரியில் செத்துப்போனான். "பாறையிலிருந்து தவறி விழுந்து தொழிலாளி பலி" என்று பேப்பரில் வந்தது. தவறி என்கிற அந்த ஒரு வார்த்தையைப் பற்றியே அடுத்த கூட்டம் பேசுவேன் என்று சிகாமணி சொன்னார். பதற்றத்தைத் தூண்டியதாக அவரைப் பிடித்துக்கொண்டு போய் மத்திய சிறையில் வைத்தார்கள். முத்தரசு கேட்ட கேள்வியை அப்படியே வெளியிடுவேன் என்று தமயந்தி சொன்னாள். அன்று சாயங்காலம் அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஸ்டுடியோ ஷட்டரை நெம்பி ஹார்டு டிஸ்க், மெமரி கார்டு, பழைய கேசட் என்று ஒன்று விடாமல் அள்ளிக்கொண்டு போனார்கள். அள்ளியவர்கள் தலைவரின் ஆட்கள். குளத்தில் போட்டால் கோடையில் தெரிந்துவிடும், கிணற்றில் போட்டால் தூர் வாருவார்கள், ஊரில் யாரும் எட்டிப் பார்க்காத, யாரும் கழுவாத ஒரே இடம் குடிதண்ணீர்த் தொட்டிதான் என்று யோசித்து, ஏணியில் ஏறி அதற்குள் போட்டுவிட்டு வந்தார்கள்.

தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டது.

தண்ணீர் விடும் நாளெல்லாம் பேச்சு புதிதாக ஆரம்பிக்கும். மேலத்தெரு வீடுகளில் மோட்டார் உண்டு, தரைக்குள் தொட்டி உண்டு. அங்கே ஆரம்பம் போகும். தொட்டிகள் நிறைந்து மோட்டார்கள் நின்ற பிறகு கடைவீதிக்கு நடுப்பேச்சு போகும். எல்லாரும் பிடித்து முடித்து, மேல்நிலைத் தொட்டியின் அடிமட்டம் தெரிகிற நேரத்தில், காலனியின் ஒற்றைப் பொதுக்குழாய்க்கு விரல் தடிமனில் கடைசிப் பேச்சு வரும். தண்ணீர் விழும்போதுதான் பேசும், தேங்கி நின்றால் சும்மா இருக்கும். குடத்திலிருந்து குண்டானுக்கு ஊற்றினால் மறுபடி பேசும், ஆனால் ஒவ்வொரு ஊற்றலிலும் கொஞ்சம் சிந்துமல்லவா, சிந்திய அளவுக்கு வார்த்தை குறையும்.

ஊர் பழகிக்கொண்டது. மெதுவாக ஊற்றினால் தெளிவாகவும், சடாரென்று கவிழ்த்தால் வெறும் இரைச்சலாகவும் கேட்கும் என்று பெண்கள் இரண்டே நாளில் கண்டுபிடித்து, மாமியார் பக்கத்தில் இருந்தால் கவிழ்த்தும், தனியாக இருந்தால் நூல் மாதிரியும் ஊற்றினார்கள். அம்மனுக்கு அபிஷேகம் செய்த பூசாரி "யாரை உள்ள விடுறோம், யாரை வாசல்லயே நிறுத்துறோம்" என்று செம்பு கேட்டதும் பயந்துபோய், மறுநாளிலிருந்து இளநீருக்கு மாறினார். பிள்ளைகள் பல் தேய்த்துக் கொப்பளிக்கும்போது ஊடகம் ஊடகம் என்று கொப்பளித்தார்கள். கடைவீதியில் டீ போடும் காசிராசன் அண்ணன் பாய்லரில் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம், "டி.வி.யில நாலு பேர் உக்காந்து கல்லு உடைக்கிறவனப் பத்திக் கத்துறான். நாலு பேர்ல ஒருத்தன் சம்மட்டியத் தொட்டவனா?" என்று வரும், கேட்பதற்கென்றே ஆட்கள் டீ குடிக்க வந்தார்கள். உள்ளூர் கேபிள் சேனலில், குடிநீரில் லேசான சலசலப்பு இருப்பதாகவும் மக்கள் பீதியடைய வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

தண்ணீர் பேசியதைவிடப் பெரிய கஷ்டம் அதைக் குடித்த பிறகுதான் வந்தது. குடித்தவர்களுக்கு உட்கார முடியவில்லை. வயிற்றுக்குள் பாதி வாக்கியம் கிடந்து புரண்டது. பேப்பர் படிக்கிறவர்கள் வார்த்தைக்கு வார்த்தை நின்று, இதை யார் எழுதினது, யாருக்காக எழுதினது என்று பக்கத்து ஆளைக் கேட்டார்கள். ரேஷன் கடை வரிசையில், பேங்கில், கல்யாணப் பந்தியில் என்று நிற்கிற இடத்திலெல்லாம் ஊர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றது. சிலர் சோடா மட்டும் குடித்துப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்கும் இருப்புக்கொள்ளவில்லை. மற்றவர்கள் எதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள் என்று தெரியாத தவிப்பு அது.

காலனியில் முதல் நாள் நடந்தது வேறு. பொதுக்குழாயில் செண்பகம் குடத்தை வைத்திருந்தாள். முத்தரசின் பெண்சாதி. தாலி இறக்கி இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. மெலிந்த தண்ணீர் குடத்தின் அடியில் விழுந்து, "ஐயா, நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றது.

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாருக்கும் அந்தக் குரல் தெரியும். யாரும் கத்தவில்லை, யாரும் ஓடவில்லை. அவளுக்கு அடுத்து நின்றவள் தன் குடத்தை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டு, "நீ புடி செண்பகம். நீயே புடி" என்று ஒதுங்கினாள். அன்றையிலிருந்து காலனியில் எல்லாரும் முன்தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கடைசித் தண்ணீரை அவளுக்கு விட்டார்கள். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குடம் குறைந்தது. குறைந்ததை யாரும் சொல்லிக்காட்டவில்லை. செண்பகம் அதைச் சமையலுக்கோ குளிப்பதற்கோ தொடவில்லை. மண்பானையில் சேர்த்து, ஈரத்துணி கட்டி வைத்திருந்தாள். எப்போதாவது தாங்க முடியாதபோது மட்டும் ஒரு சொம்பு மோந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் மறுபடி பானைக்குள்ளேயே ஊற்றிக் கேட்பாள்.

தமயந்தி மத்திய சிறைக்குப் போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். சிகாமணி கவனமாகக் கேட்டார்.

"என் இருமலும் சேந்தா வருது?"

"அதான்ணே மொதல்ல வருது."

"எடிட் பண்ணச் சொன்னேன்ல உன்னை."

"பண்றதுக்குள்ள தூக்கிட்டுப் போயிட்டாங்களேண்ணே."

அவர் சிரித்து, சிரிப்பு இருமலாகி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "நான் பேசுனது கெடக்கட்டும் தமயந்தி. கடைசியா அந்தத் தம்பி கேட்டது யாருக்கெல்லாம் கேக்குது?" என்றார்.

"காலனிக்கு மட்டுந்தான். மேல யாருக்கும் போகாது. தண்ணி அப்படித்தான வரும்."

"அப்ப இன்னும் கூட்டம் நடக்கலன்னு அர்த்தம்" என்றார் சிகாமணி. நேரம் முடிந்ததென்று காவலர் வந்து நின்றார்.

மேலத்தெருவில் ஒருத்திக்கு மட்டும் அந்த மிச்சம் வேண்டியிருந்தது. அவள் ராஜகாந்தம், தங்கப்பெருமாளின் மனைவி. தலைவர் குளியலறையைப் பூட்டிவிட்டுத் தோட்டத்துக் கிணற்றில் குளிக்க ஆரம்பித்த பிறகு, அவள் வீட்டுத் தரைத்தொட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்து கேட்டாள். நல்ல சுவாரசியமாகப் போகும். ஒரு செய்தியில் செத்தவன் பெயர் எங்கே வருகிறது, கொன்றவன் பெயர் எங்கே வராமல் போகிறது என்று சிகாமணி பிரித்துப் பிரித்துக் காட்டுவார். "இப்ப நம்ம ஊரையே எடுத்துக்குவோம்" என்பார். அத்தோடு தொட்டி நிறைந்துவிடும். மோட்டாரை நிறுத்தாமல் வழிய விட்டுப் பார்த்தாள். தெருவெல்லாம் தண்ணீர் ஓடியது, பக்கத்து வீட்டார் சத்தம் போட்டார்கள், அந்த இரைச்சலில் நம்ம ஊரைப் பற்றி என்ன சொன்னார் என்பது மட்டும் கேட்கவில்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போய்க் காசிராசன் பாய்லருக்குப் பக்கத்தில் நின்று நடுப்பேச்சைக் கேட்டாள். அங்கேயும் முடியவில்லை. தண்ணீர் போகிற திசையிலேயே இறங்கி நடந்தாள். அவள் கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்து மகனுக்கும் கல்யாணம் முடித்துவிட்டாள். ஆனாலும் அந்தத் தெருவுக்கு அன்றுதான் முதல் தடவை போனாள்.

செண்பகம் வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றாள்.

"என்னங்கம்மா, இங்க வந்திருக்கீங்க?"

"மிச்சத்தக் கேக்க வந்தேன்" என்றாள் ராஜகாந்தம்.

செண்பகத்துக்கு அவள் யாரென்று தெரியும். போ என்று சொல்லலாம் என்று நினைத்தாள். பானையை உடைத்துவிடுவாளோ என்றுகூட நினைத்தாள். ஆனால் வந்தவளின் கால் நின்ற இடத்தில் நிற்காமல் மாறி மாறித் தவித்ததைப் பார்த்து, உள்ளே கூப்பிட்டுப் பாயை விரித்தாள். சொம்பில் மோந்து மெதுவாக ஊற்றினாள்.

"ஐயா, நான் ஒண்ணு கேக்கலாமா? எம் பேரு முத்தரசு. மேக்கால குவாரியில துளை போடுறேன். பேப்பர்ல வர்ற வார்த்தையெல்லாம் சொன்னீங்க. எங்களப் பத்தி ஒரு வார்த்தையும் வரதில்லைங்களே, அதுக்கு என்ன செய்ய? வெடி வைக்கிறதுக்கு முன்னால சங்கு ஊதணும். எங்க குவாரியில சங்கு ஊதியே ரெண்டு வருசமாச்சு. ஊதுனா ஒரு நாளைக்கு எத்தனை வெடின்னு ஊருக்குத் தெரிஞ்சுபோகும்னு ஊத விடுறதில்லை. நாங்க ஆளுக்கொரு பாறைக்கிப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு நிக்கிறோம்."

ராஜகாந்தம், "எங்க வீட்டுலருந்து உன் வீட்டுக்காரருக்கு ஒரு பழைய வேட்டி குடுத்தோம், பொங்கலுக்கு" என்றாள். எதற்கு அதைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. செண்பகம் கீரையை எடுத்து மறுபடி உருவ ஆரம்பித்தாள்.

தமயந்தியும் காலனிக்காரர்களும் கொடுத்துக்கொண்டே இருந்த மனுக்கள் எல்லாம் அதுவரை எங்கேயோ போய்ப் படுத்துக்கொண்டன. ஆனால் ஓர் ஊரே இருப்புக்கொள்ளாமல் தவிக்கிறது என்ற பேச்சு மாவட்டத் தலைநகர் வரைக்கும் போனதும், முத்தரசின் சாவை விசாரிக்கக் கோட்டாட்சியர் வருவதாக உத்தரவு வந்தது. தலைவர் அவசர அவசரமாகத் தொட்டியை வடிக்கச் சொன்னார். அடியில் கிடந்த கறுப்புக் கசடை வாரினார்கள், பிளீச்சிங் பவுடர் கொட்டித் தேய்த்தார்கள். மறுமுறை தண்ணீர் விட்டபோது அது தண்ணீர் மாதிரியே விழுந்தது. ஊரில் பலர் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு அது நிறைந்து வழிகிறவரைக்கும் குனிந்து காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

விசாரணை சமுதாயக் கூடத்தில் நடந்தது. கோட்டாட்சியர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் எழுத்தர். தங்கப்பெருமாள் தன் வக்கீலோடு முன்வரிசையில் இருந்தார். செண்பகம் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். தமயந்தி அவளுக்கு வழி விலக்கிக்கொண்டு வந்தாள்.

"பதிவு எங்கே?" என்றார் கோட்டாட்சியர்.

"இதுலதான் இருக்குங்கய்யா."

அவர் பானையைப் பார்த்தார். "பதிவுன்னா அதுக்குச் சான்றிதழ் வேணும். எந்தக் கருவியில எடுத்தது, யாரு எடுத்ததுன்னு."

"கேமராவுல நான் எடுத்தேன் சார். அதுல இருந்து தண்ணிக்குப் போனதுக்குத் தொட்டிதான் சான்று குடுக்கணும்" என்றாள் தமயந்தி. "தொட்டிய நேத்துக் கழுவிட்டாங்க."

வக்கீல் எழுந்தார். "சார், கடைசித் துண்டை மட்டும் கொண்டுவந்து வச்சா எப்படி? இது எந்தக் கூட்டம், எந்தத் தேதி, செத்ததுக்கு முன்னாடி பேசினதா, பின்னாடி யாராவது பேசிச் சேர்த்ததா? ஆரம்பம் இல்லாத பேச்சு பேச்சே இல்ல."

கோட்டாட்சியர் தலையை ஆட்டினார். "அதுவும் சரிதானம்மா. ஆரம்பம் யார்கிட்ட இருக்கு?"

ஆரம்பம் இருந்ததெல்லாம் மேலத்தெருவில். கூடம் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. மேலத்தெருக்காரர்களில் யாரும் எழுந்திருக்கவில்லை. வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ராஜகாந்தம் இறங்கினாள், டிரைவரும் அவளும் சேர்ந்து வீட்டுத் தரைத்தொட்டியில் மோந்து நிரப்பிய ஒரு நீல டிரம்மை இறக்கினார்கள். பின்னாலேயே காசிராசன் பாய்லரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

தங்கப்பெருமாள் எழுந்தார். "காந்தம். வீட்டுக்குப் போ."

"போறேன். இத ஊத்திட்டுப் போறேன்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. போன்னு சொல்றேன்ல."

"தெரியாமத்தான் இத்தன நாளா ஒக்காந்திருந்தேன்" என்றாள் அவள். கூடத்தின் நடுவில் சமையலுக்கு வைத்திருந்த பெரிய அண்டாவை டிரைவர் இழுத்துப் போட்டார். அதில் கடைசியாகக் காலனித் தண்ணீர் விழப்போகிறது, அதே அண்டாவில் நாளைக்கு ஊர்ப் பொங்கலுக்குச் சோறு ஆக்கப்போகிறது என்று மேலத்தெருப் பக்கத்திலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பை அமுக்கிக்கொண்டு டிரம் இருமியது.

வணக்கம் என்றது, ஆனி மாதம் இருபத்தொன்று என்றது, சைக்கிள் கடை மாடி என்றது. கோட்டாட்சியர் எழுத்தரைப் பார்க்க எழுத்தர் தேதியை எழுதினார். டிரம் முடிந்த இடத்தில் காசிராசன் தொடங்கினார். பாய்லர் முடிந்த இடத்தில் எல்லாரும் செண்பகத்தைப் பார்த்தார்கள்.

அவள் பானையை அணைத்துக்கொண்டு நின்றாள். ஊற்றினால் அது ஊரார் தண்ணீரோடு கலந்துவிடும், அப்புறம் அவன் குரலைத் தனியாகப் பிரித்தெடுக்க எந்தச் சல்லடையாலும் முடியாது. இனிமேல் தொட்டியிலும் இல்லை, குழாயிலும் இல்லை. தமயந்தி அவள் முதுகில் கையை வைத்தாள். "உனக்கு மனசில்லன்னா வேணாம் செண்பகம். நாம வேற வழி பாப்போம்" என்றாள். செண்பகம் துணியை அவிழ்த்தாள். நூல் மாதிரி, இல்லை, நூலைவிட மெல்லிசாக ஊற்றினாள்.

ஐயா, நான் ஒண்ணு கேக்கலாமா என்று முத்தரசு கேட்டான். பெயரைச் சொன்னான். சங்கைச் சொன்னான். பாறைக்குப் பின்னால் ஒளிவதைச் சொன்னான். மேலத்தெருக்காரர்கள் அவன் குரலை அன்றுதான் முதலில் கேட்டார்கள். அவன் உயிரோடு இருந்தபோது அவர்களிடம் அவன் பேசிய வார்த்தைகள் சரிங்க, ஆகட்டுங்க என்ற இரண்டுதான். "திங்கக்கிழமை நானும் நாலு பேரும் போயி" என்றான். பானை கவிழ்ந்து கடைசிச் சொட்டும் விழுந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"போயி?" என்றார் கோட்டாட்சியர். "போயி என்னம்மா? மிச்சம் எங்க?"

"மிச்சம் இல்லைங்கய்யா."

"சிந்திட்டியா?"

"குடிச்சிட்டேன்" என்றாள் செண்பகம். "தொட்டியக் கழுவிட்டாங்க, இனிமே வராதுன்னு நேத்துச் சொன்னாங்க. தாங்க முடியல. கடைசியா இருந்தத மோந்து குடிச்சிட்டேங்கய்யா."

வக்கீல் காகிதங்களை அடுக்கினார். தங்கப்பெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"உள்ளதான் இருக்கு" என்றாள் செண்பகம். "நேத்துலருந்து கெடந்து புரட்டுது."

"அப்ப சொல்லு" என்றார் கோட்டாட்சியர்.

அவள் வாயைத் திறந்தாள். அவன் குரல் வரும் என்று கூடமே எதிர்பார்த்தது. வந்தது அவள் குரல்தான். "திங்கக்கிழமை நானும் நாலு பேரும் போயி, சங்கு ஊதுனாத்தான் துளை போடுவோம்னு சொல்லப்போறோம். அதுக்கு அவங்க என்ன செய்வாங்கன்னு எங்களுக்குத் தெரியல. எங்களுக்கு எதாச்சும் ஆச்சுன்னா, நீங்க அத என்ன வார்த்தை போட்டு எழுதுவீங்க? அதத்தான் கேக்க வந்தேன்" என்றாள்.

அவன் பேசியது அவ்வளவுதான். தமயந்திக்குத் தெரியும், அந்த இடத்தில்தான் அவள் கேமராவை நிறுத்தினாள்.

பின்னால் குவாரி மூடப்பட்டதும், கார்த்திகையில் சிகாமணி ஜாமீனில் வந்ததும், ராஜகாந்தம் தன் அண்ணன் வீட்டுக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டதும், வழக்கு இன்றைக்குவரை வாய்தா வாய்தாவாக நடப்பதும் ஊருக்குத் தெரிந்ததுதான். ஆனால் அன்றைக்குச் சமுதாயக் கூடத்தில் இருந்தவர்கள் பேசிக்கொள்வது அதையெல்லாம் அல்ல. செண்பகம் அந்த இடத்தில் நிறுத்தவில்லை என்பதைத்தான்.

"போனாங்கய்யா" என்றாள் அவள். "நான்தான் சோறு கட்டிக் குடுத்தேன். மத்த நாலு பேரையும் கீழ லாரிக்கு அனுப்பிட்டு இவர மட்டும் மேல நிக்கச் சொன்னாங்க. மத்தியானம் வெடிச் சத்தம் கேட்டுச்சு, சங்கு கேக்கல. நான் ஓடுனேன். என்னை வாசல்லயே நிறுத்துனாங்க. செத்துக் கெடந்தவரு தலையில பாதுகாப்புத் தொப்பி போட்டுப் படம் புடிக்கிறவரைக்கும் நிறுத்துனாங்க. அவருக்கு அதுக்கு முன்னால தொப்பியே கெடையாது."

"இது பதிவுல இல்லாத சங்கதி" என்று தங்கப்பெருமாள் கத்தினார். "சார், இது அந்தப் பேச்சுலயே கெடையாது!"

"ஆமா" என்றார் கோட்டாட்சியர். "நீ சொல்லும்மா."

அவள் சொன்னாள். பானையைக் கீழே வைத்துவிட்டு, நின்றுகொண்டே, நிறுத்தாமல் சொன்னாள். எழுத்தர் தாளைத் திருப்பினார்.